கேட்காத எட்டுக் கணக்குகள்

ராசிபுரம்,
14.7.2024

அன்புள்ள அம்மா,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா கத்தரிக்கு மருந்தடிக்கும்போது முகத்தில் துண்டு கட்டிக்கொள்கிறாரா என்று பார்த்துக்கொள்.

இங்கே ஃபோன் பேசுவது மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும்தான். வார்டன் அறையில், ஆளுக்கு ஐந்து நிமிடம். முன்னால் நிற்கிறவள் அழுது நேரமாக்கினால் அது என் ஐந்து நிமிடத்தில் கழியும். அதனால்தான் கடிதம். அறையில் என்னோடு நாகல் நகர் வினோலியா இருக்கிறாள். எங்கள் பள்ளியில் ஆங்கிலம் எடுத்த அல்போன்சா டீச்சரின் மகள்.

இந்தக் கோச்சிங் சென்டரில் எல்லோருமே பிளஸ் டூ முடித்து, இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வில் ஒரு தடவை கோட்டைவிட்டு வந்தவர்கள். தேர்வில் மூன்று பகுதி. இயற்பியல், வேதியியல், கணிதம், ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து கேள்வி. போன வருடம் என்னைக் கவிழ்த்தது கணிதப் பகுதி என்று உனக்குத் தெரியும். இளஞ்செழியன் சார் தினம் பத்துக் கணக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறார். எனக்கு நான்கு வந்தால் அதிகம்.

பீரோ மேல்தட்டில் என் நீல நோட்டு இருக்கும். போன வருடம் போடாமல் விட்ட கணக்குகளெல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதைத் தபாலில் அனுப்பு.

உன் மகள்,
பவித்ரா


ஆத்தூர்,
28.7.2024

அன்பு மகள் பவித்ராவுக்கு அம்மா எழுதுவது.

அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வேலை நடக்கிறது. துண்டு கட்டச் சொன்னேன். "ஆத்தி, மூச்சு முட்டுது" என்கிறார்.

நோட்டை அனுப்பியிருக்கிறேன். கட்டுவதற்கு முன் புரட்டிப் பார்த்தேன். பதினேழாம் பக்கத்தில் ஒரு கணக்கைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு விட்டிருக்கிறாய். வட்ட மேசையைச் சுற்றி ஏழு பேர், அதில் இருவர் அடுத்தடுத்து அமரக் கூடாது, எத்தனை விதமாக அமரலாம் என்பது. ஆங்கிலத்தில் இருந்ததால் இரண்டு வார்த்தைக்கு அகராதி பார்த்தேன். மொத்தம் எழுநூற்று இருபது விதம். அந்த இருவரையும் ஒட்ட வைத்து ஒரே ஆளாக எண்ணினால் இருநூற்று நாற்பது. கழித்தால் நானூற்று எண்பது. பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறேன். சரியா என்று உங்கள் சாரிடம் கேட்டு எழுது.

எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து, "நாலு பக்கமா எழுதுற? அப்புடி என்ன கதை?" என்று கேட்டார். ஊர்க்கதை என்று சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா,
மணிமேகலை


ராசிபுரம்,
18.8.2024

அன்புள்ள அம்மா,

நான் நலம். கொஞ்சம் சளி, வினோலியா மாத்திரை கொடுத்தாள். நீங்கள் இருவரும் எப்படி?

அந்தக் கணக்கு சரி. சார் பார்த்துவிட்டு, "இதுதான் குறுக்கு வழி, எல்லாரும் எழுதிக்கங்க" என்று கரும்பலகையில் போட்டார்.

நீ பிளஸ் டூ வரை படித்தாய் என்று தெரியும். கணக்கில் எவ்வளவு வாங்கினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எழுது.

இத்துடன் ஆறு கணக்கு வைத்திருக்கிறேன். எனக்கு வராதவை. உனக்கு வேலை இல்லாத நேரத்தில் பார்த்தால் போதும்.

பவித்ரா


ஆத்தூர்,
3.9.2024

அன்பு மகளுக்கு,

சளி விட்டதா? தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வகுப்புக்குப் போகாதே. இங்கே நாங்கள் சுகம். அணையில் தண்ணீர் பரவாயில்லை.

இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இரண்டாயிரத்து நான்காம் வருடம். அப்போதும் இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. விண்ணப்பம் போட்டேன், ஹால் டிக்கெட் வந்தது. தேர்வுக்குப் போகவில்லை. மறு வருடம் கல்யாணம், அதற்கடுத்த வருடம் நீ.

ஆறில் நான்கு அன்றைக்கே வந்துவிட்டது. மற்ற இரண்டும் ஆறு நாள் எடுத்தன. கடைசியில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருக்கும்போது ஒன்றுக்கு வழி தெரிந்தது. கூடையை வரப்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன், சரியாக வந்தது. "பாதியில எங்க போன?" என்று அப்பா கேட்டார். தண்ணீர் குடிக்க என்றேன்.

விடைகளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். நீ ஒரு தடவை போட்டுப் பார்த்த பிறகு பிரி. திண்டுக்கல் போனபோது பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு கைடு வாங்கினேன். உன்னிடம் இன்னும் கணக்கு இருந்தால் அனுப்பு.

அம்மா


ராசிபுரம்,
13.10.2024

அன்புள்ள அம்மா,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

காலையில் ஃபோனில் சொல்ல மறந்துவிட்டேன். என்னை மேல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுப்பாட நோட்டைப் பார்த்து இளஞ்செழியன் சாரே பேர் கொடுத்தார். நாற்பது பேரில் எட்டுப் பேர்தான் மாறினோம். வினோலியா பழைய பிரிவிலேயே இருக்கிறாள். அறை மட்டும் ஒன்றுதான்.

இந்தப் பிரிவில் கணக்குகள் கூடுதல். இருபது அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நல்லது.

சாப்பாடு பரவாயில்லை. தூக்கம் பரவாயில்லை.

பவித்ரா


ஆத்தூர்,
3.11.2024

அன்பு மகள் பவித்ராவுக்கு,

தீபாவளிக்கு விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், சரி. அதிரசம் வினோலியா அப்பா கையில் கொடுத்து விட்டிருக்கிறேன். வினோலியாவுக்கும் கொடு. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து விட்டுவிட்டது.

நீ மேல் பிரிவுக்குப் போனதை அப்பாவிடம் சொன்னேன். சந்தையிலும் சொன்னாராம்.

இருபதும் முடிந்தது. தொகையீட்டுக் கணக்குகளை எனக்குப் பள்ளியில் படித்தபோதே பிடிக்கும். பதினான்காவதைப் பார். கீழே சைனும் காஸும் கூட்டி, மேலே சைன் மட்டும் இருப்பது. நேராகப் போனால் நாள் முழுக்க ஓடினாலும் முடியாது. அதையே தலைகீழாகத் திருப்பி இன்னொன்று எழுதி இரண்டையும் கூட்டினால், மேலும் கீழும் ஒன்றாகி, வெறும் ஒன்றுதான் மிஞ்சுகிறது. விடை பை வகுத்தல் நான்கு. போட்டு முடித்துவிட்டுச் செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைடில் அதே வகையில் எட்டு இருந்தன. நீ கேட்கவில்லை, இருந்தாலும் போட்டு அனுப்பியிருக்கிறேன். உறை கனமாகிவிட்டது.

உங்களுக்கு வாராவாரம் டெஸ்ட் உண்டு என்று அல்போன்சா டீச்சர் சொன்னார்கள். உன் மார்க்கை நீ எழுதுவதில்லை. ஃபோனில் கேட்டாலும் "பரவால்லம்மா" என்கிறாய். எழுது.

அம்மா


ராசிபுரம்,
8.12.2024

அம்மா,

நலம்.

இனிமேல் கணக்கு அனுப்ப வேண்டாம். பார்க்க நேரம் இல்லை. தேர்வு ஜனவரி இருபத்தெட்டு, சேலத்தில்.

அப்பாவுக்கு மறுபடி காய்ச்சல் வரவில்லையே?

பவித்ரா


ஆத்தூர்,
17.1.2025

அன்பு மகளுக்கு அம்மாவின் ஆசிகள்.

நாங்கள் நலம். பொங்கல் வழக்கம்போல் போயிற்று. நீ இல்லாததால் கரும்பு ஒரு கட்டு போதும் என்றார் அப்பா. காய்ச்சல் வரவில்லை.

நீ வேண்டாம் என்று எழுதியதால் கணக்கு எதுவும் வைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கைடில் போன வருடத்துக் கேள்வித்தாள் இருக்கிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணிதப் பகுதியை மட்டும் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் இருபத்தைந்தில் இருபத்தொன்று சரி. இருபது வருடம் தொடாமல் இருந்த எனக்கே இவ்வளவு வரும் என்றால், தினமும் உட்கார்ந்து படிக்கிற உனக்கு என்ன பயம்? உனக்குத் தெம்பாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஹால் டிக்கெட்டை முந்தின நாளே பையில் வைத்துக்கொள். தேர்வு முடிந்ததும் இரண்டு வரி எழுது.

அம்மா


ஆத்தூர்,
20.2.2025

பவித்ராவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

தேர்வு முடிந்து நீ எழுதவில்லை. ஒன்பதாம் தேதி ஞாயிறு ஃபோனிலும் வரவில்லை. வார்டனைக் கூப்பிட்டால், வரிசையில் நீ நிற்கவில்லை என்கிறார்.

ரிசல்ட் வந்துவிட்டது என்று பேப்பரில் பார்த்து, நேற்று நாகல் நகர் போய் அல்போன்சா டீச்சரைப் பார்த்தேன். காபி கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். கணக்குப் பகுதியில பவித்ரா ஒண்ணுமே தொடலையாம். அம்புட்டையும் வெறுமனே விட்டுட்டு வந்திருக்கா. வினோலியா சொல்லி அழுதா" என்றார்கள். காபியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இருபத்தைந்தில் ஒன்றுகூடவா தெரியவில்லை? நான் அனுப்பியதை எல்லாம் என்ன செய்தாய்? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் எல்லோரிடமும் மேல் பிரிவு என்று சொல்லி வைத்திருக்கிறார்.

உடனே பதில் போடு.

மணிமேகலை


ராசிபுரம்,
2.3.2025

அன்புள்ள அம்மா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முழங்காலைக் கேட்டு நாளாயிற்று. எப்படி இருக்கிறது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ போட்டு அனுப்பிய முதல் கணக்கை வீட்டுப்பாட நோட்டில் என் கையால் எழுதிக் காட்டினேன். சார் பாராட்டியபோது எங்கள் அம்மா போட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த ஆறையும் அப்படியே எழுதினேன். போட்டுப் பார்த்துவிட்டுப் பிரி என்று சொல்லியிருந்தாய். பிரித்துவிட்டுத்தான் பார்த்தேன். அதைக் காட்டித்தான் மேல் பிரிவு.

அங்கே சொல்வது எதுவும் எனக்குப் புரியவில்லை. டெஸ்டில் நூறுக்கு எட்டு, பன்னிரண்டு என்று வாங்கினேன். "வீட்டுல நல்லா போடுற, டெஸ்ட்டுல மட்டும் என்ன பதட்டம்?" என்று சார் கேட்டார். பதட்டம்தான் சார் என்றேன். உன் இருபதும், அதோடு நான் கேட்காத எட்டும் வந்த அன்று, கடிதத்தைப் படித்துவிட்டு, கணக்குக் கட்டைப் பிரிக்காமல் பெட்டிக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. இருபத்தொன்று சரி என்று நீ எழுதிய கடிதத்தை மட்டும் நான்கைந்து முறை படித்தேன்.

தேர்வில் முதல் இரண்டு பகுதியும் ஓரளவு செய்தேன். கணிதத்தைத் திறந்தால் இரண்டாவதே சைன், காஸ் கணக்கு. பதினான்காவதைப் பார் என்று நீ கடிதத்தில் எழுதியிருந்த அதே வகை. பார்த்ததும் உன் கையெழுத்து ஞாபகம் வந்தது. வழி ஞாபகம் வரவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. குருட்டாம்போக்கில் நான்கைக் குறித்திருந்தால்கூட யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். தொடவே இல்லை. எனக்குத் தெரியாது என்பதை எங்கேயாவது ஒரு இடத்தில் உண்மையாக எழுதிக் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் இளஞ்செழியன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வீட்டுப்பாட நோட்டை வாங்கி முதலிலிருந்து புரட்டினார்.

"இதெல்லாம் ஒங்க அம்மாவா?"

"ஆமா சார்."

"என்ன பண்றாங்க?"

"தோட்டத்துல கத்தரிக்கா பறிக்கிறாங்க சார்."

நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பழைய பிரிவுக்குப் போகச் சொன்னார். போய்விட்டேன். அங்கே எனக்கு மூச்சு வருகிறது.

இன்னொன்றும் சொன்னார். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. வயது வரம்பு கிடையாது. கணக்கைத் தமிழிலேயே எழுதலாம். சின்னாளபட்டி ரோட்டில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் அதை வைத்துத்தான் பி.எஸ்ஸி. கணிதத்துக்கு எடுக்கிறார்கள். விண்ணப்பம் நேற்றுத் திறந்திருக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் உன் பெயரைப் பதிந்துவிட்டேன். ஒன்பதாம் தேதி பேசும்போது உன் ஃபோனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்.

நீ ஏன் அன்றைக்குத் தேர்வுக்குப் போகவில்லை?

பவித்ரா


ஆத்தூர்,
15.3.2025

அன்பு மகள் பவித்ராவுக்கு,

இங்கு இருவரும் நலம். முழங்காலுக்குப் புது எண்ணெய் போடுகிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

என்னைக் கேட்காமல் என் பெயரைப் பதிந்தது தப்பு. ஞாயிற்றுக்கிழமை அந்த எண்ணைச் சொன்னேனே தவிர, கோபம் போகவில்லை. இரண்டு நாள் உன் கடிதத்தை எடுக்கவும் இல்லை. மூன்றாம் நாள் எடுத்து, நான் உனக்கு அனுப்பியவற்றை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ஆறு வரைக்கும் உனக்காகப் போட்டேன். அதற்கு மேல் உனக்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த எட்டை நான் அனுப்பியிருக்கக் கூடாது.

தேர்வுக்குப் போகாததற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டில் சொன்னார்கள். வந்தது உன் அப்பாதான்.

இதை நேற்று அப்பாவிடமும் சொன்னேன். உன் விஷயம், என் விஷயம் எல்லாம். உன் கணக்குத் தாளைப் பற்றிச் சொன்னபோது, "ஊருக்கு வரச் சொல்லு, பிள்ளை பாவம்" என்றார். பிறகு, "அன்னைக்கா உனக்குப் பரீச்சை?" என்று கேட்டார்.

"ஆமா."

"எங்கிட்ட யாரும் சொல்லலயே."

"நீங்களும் கேக்கல."

எழுந்து போய் மோட்டார் போட்டுவிட்டு வந்தார். "எம்புட்டு வருசம் படிக்கணும்?" என்றார். மூன்று என்றேன். "அப்ப கத்தரி வேணாம். தெனம் பறிக்க ஆள் இருக்காது. மேக்கால தென்னம்பிள்ள வெச்சிருவோம்" என்றார். அதோடு சாப்பாடு போடச் சொன்னார்.

ஏப்ரலில் மறுபடி நடக்கிற உன் இன்ஜினியரிங் தேர்வை இன்னொரு தடவை எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதினாலும் சரி. பெட்டியைக் கட்டிக்கொண்டு வா.

அம்மா


ஆத்தூர்,
28.9.2025

அன்பு மகள் பவித்ராவுக்கு,

திருச்சி ஹாஸ்டலில் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? வரலாறு உனக்குப் பிடித்திருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாயாம், அவர் என்னிடம் சொன்னார். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. வகுப்பு மாடியில் என்பதால் படி ஏறும்போது முழங்கால் கொஞ்சம் பிடிக்கிறது.

உன் கையில்தான் இப்போது ஃபோன் இருக்கிறதே, ஏன் கடிதம் என்று நினைப்பாய். இதை ஃபோனில் சொல்ல வராது.

வகுப்பில் எல்லோரும் உன் வயது. என்னை அக்கா என்கிறார்கள், ஒருத்தி மட்டும் ஆன்ட்டி என்கிறாள். பாடம் முழுக்க ஆங்கிலம். நுழைவுத் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று போட்ட எனக்கு, கரும்பலகையில் இருப்பதில் பாதி என்ன கேட்கிறது என்றே தெரியவில்லை. விடையைக் கண்டுபிடி என்று இங்கே யாரும் கேட்பதில்லை, நிரூபி என்கிறார்கள். அது எனக்குப் பழக்கம் இல்லை. கேள்வி கேட்கக் கை தூக்கினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அதனால் தூக்குவதில்லை.

போன வாரம் முதல் உள்தேர்வு, இருபத்தைந்து மார்க்குக்கு. முதல் இரண்டு கேள்வியை எழுதினேன். மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் பெருமாயி என்று ஒரு பெண், ஒட்டன்சத்திரம் பக்கம், மடமடவென்று எழுதிக்கொண்டிருந்தாள். தாளை மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பார்த்து எழுதவில்லை என்று உன்னிடம் சொல்ல எனக்கு ஆசைதான். எழுதினேன், பவித்ரா. ஏழு வரி. ஒவ்வொரு வரியும் என்னவென்று தெரியாமல்தான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை தாள் கொடுத்தார்கள். பதினான்கு. மேடம் அந்த மூன்றாவது கணக்கைக் காட்டி, "தமிழ் மீடியத்துல இருந்து வந்து இம்புட்டுச் சீக்கிரம் பிடிச்சிட்டீங்களே" என்றார்கள். நான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த ஏழு வரியையும் மூன்று நாளாகப் பார்க்கிறேன். ஐந்தாவது வரி வரைக்கும் இப்போது புரிகிறது. அப்பாவிடம் சொல்லவில்லை. தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, "பாசா?" என்று கேட்டார். பாஸ் என்றேன்.

வியாழக்கிழமை காந்தி ஜெயந்தி, விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை மேடத்தின் அறைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அந்தப் பெண் மீது எந்தத் தப்பும் வராமல் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயதில் ஒரு பிள்ளையைப்போல அங்கே போய் நிற்க வேண்டுமே என்று நினைத்தால் கால் பின்வாங்குகிறது.

நீ உங்கள் சாரிடம் முதல் வார்த்தை என்ன சொன்னாய்? கதவுக்கு வெளியே நின்று சொன்னாயா, உள்ளே போய்ச் சொன்னாயா? வியாழனுக்குள் எனக்குத் தெரிய வேண்டும். கடிதத்துக்கு நேரம் இல்லாவிட்டால் ஃபோனிலேயே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா,
மணிமேகலை